பல்லிக்கு வைத்த பொட்டு

வேம்புலியை எங்களிடம் வேலைக்குக் கொண்டுவந்து விட்டது அவர் மனைவி கன்னியம்மாள்தான். கன்னியம்மாள் அதற்கு முன்பே எட்டு மாதமாக எங்கள் பட்டறையில் வேலை பார்த்துவந்தார். புருஷனுக்காக அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"அவுர மேல மட்டும் ஏத்தாத எழிலம்மா. இன்னா வேல குட்த்தாலும் தரையில நின்னுக்கினு செய்றாப்புல குடு. அத்த நீ ஒத்துக்கினா நாளைக்கே இட்டாறேன்."

வேம்புலி பதினேழு வருடம் கயிற்றில் தொங்கியவர். முகப்பேரிலும் அதைச் சுற்றியும் இருக்கிற பாதி அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தவர். உட்கார ஒரு பலகை, பிடித்துக்கொள்ள இரண்டு கயிறு, அவ்வளவுதான் அவருடைய தொழில். கூட வேலை செய்த இரண்டு பேர் விழுந்து செத்ததைக் கண்ணால் பார்த்தவர். பாரிவாக்கத்து வீட்டில் சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்கும்வரை தனக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது என்று கன்னியம்மாள் சொல்வார்.

"அக்கா, எங்க மெஷின் எதுக்கு இருக்கு? மனுஷன் சுவத்துல தொங்கக் கூடாதுன்னுதானே. அண்ணன் கீழேதான் நிப்பார். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். வாய் எனக்கு எப்போதுமே கொஞ்சம் நீளம்.

நான் எழில். ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா அங்கே ஃபிட்டர். எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். ராசி, நட்சத்திரம், நல்ல நேரம் எதையும் நம்பாதவள் என்று பட்டறையில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை நானேதான் ஊதிப் பெரிதாக்கி வைத்திருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், முலாம் பூசும் கம்பெனி ஒன்றின் பின்னால் இருக்கும் ஷெட்டில் நாங்கள் சுவர் ஏறும் ரோபோ செய்கிறோம். முதலாளி நாகேந்திரன். மின்சார வேலைக்கு உதயகுமார். மெஷினின் காலும் நடையும் என்னுடையவை.

நாகேந்திரன் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தார். எங்களுக்கு அது பல்லி. பத்தொன்பது கிலோ எடை, நாலு கால், வயிற்றில் ஒரு கேமரா. உயரமான கட்டடங்களின் கண்ணாடியில் எங்கே விரிசல், எங்கே ரப்பர் பிய்ந்திருக்கிறது என்று ஏறிப் பார்த்துச் சொல்லும்.

நிஜப் பல்லியின் காலில் பசை கிடையாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதன் பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை சுவரை அவ்வளவு நெருக்கமாகத் தொடுவதால் பிடித்துக்கொள்கின்றன. கீழ்ப்பக்கமாக இழுத்தால் பிடி இறுகும். வெளிப்பக்கமாக உரித்தால் சுலபமாக வந்துவிடும். நாங்கள் அதையே சிலிகோன் ரப்பரில் வார்த்திருந்தோம், ஒவ்வொரு பாதமும் உள்ளங்கை அகலம். அந்தப் பாதத்துக்கு எமன் தூசு. ஒரு சிட்டிகை மாவு பட்டால் போதும், பாதி பிடி போய்விடும்.

அதனால்தான் கன்னியம்மாள் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். ஒவ்வொரு தடவை ஏறும் முன்பும் ஒட்டும் டேப் சுற்றிய உருளையால் நாலு பாதத்தையும் உருட்டி, ஸ்பிரிட் துடைத்து, மறுபடி உருட்டி எடுப்பார். எங்களில் யாருக்கும் அந்தக் கை கிடையாது. நான் செய்தால் எண்பது வரும் பிடி, அவர் செய்தால் நூறு வரும்.

வேம்புலிக்குக் கேபிள் வேலை. மெஷினுக்கு மின்சாரம் கீழேயிருந்து போகிறது. கேபிள் சுவரை ஒட்டி நேராகத் தொங்க வேண்டும். வெளியே சாய்ந்து இழுத்தால் பாதம் உரிந்துவிடும். எனவே கேபிளைப் பிடிப்பவர் சுவரடியை விட்டு நகரக் கூடாது. இதை நான் அவருக்கு மூன்று நாள் பாடமாகவே நடத்தினேன். விழுந்தால் தாங்குவதற்கு மாடியிலிருந்து ஒரு காப்புக் கயிறு எப்போதும் மெஷினின் முதுகில் கட்டியிருக்கும், பயம் வேண்டாம் என்றும் சொன்னேன்.

"எனக்கு இன்னா மேடம் பயம்? பல்லி தலைல உழுந்தா இன்னா பலன்னு காலண்டர்ல போட்டுக்கீறான். பத்தொன்பது கிலோ பல்லிக்குத்தான் ஒண்ணும் போடல" என்று சிரித்தார்.

கன்னியம்மாள் உருளையை வைத்துவிட்டு வந்து அவர் தோளில் பட்டென்று ஒன்று போட்டார். "வாயக் கய்வு மொதல்ல" என்றார். அவருக்கு அது தமாஷாகப் படவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எந்தப் பட்டறையிலும் நடப்பதுதான் எங்களிடமும் நடந்தது. கடைசல் மெஷினிலிருந்து ஸ்க்ரூ டிரைவர்வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். பொட்டு வைக்கும் வேலை கன்னியம்மாளுடையது. "பல்லிக்கு முதுகுல மட்டும் வைங்க அக்கா, கால் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு நான் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க வெளியே போனேன். படைத்த சாமானை அன்று யாரும் தொடுவதில்லை. அதனால் நானும் தொடவில்லை. நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனால் ஊரோடு சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நாகேந்திரன் அன்றைக்குத்தான் ஹைதராபாத்திலிருந்து ராகேஷ் என்பவரை வரவழைத்திருந்தார். மெஷின் அவருக்குப் பிடித்துப்போனால் நாற்பது மெஷினுக்கு ஆர்டர். பத்தரைக்கு நல்ல நேரம். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் பாதி காலியாகக் கிடந்த பதினோரு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஏற்றிக் காட்ட ஏற்பாடு.

காலை எட்டு மணிக்கு மெஷினைப் புரட்டிப் போட்டேன். நாலு பாதத்தின் நடுவிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் எட்டணா அளவுக்குக் குங்குமம்.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன். படித்துப் படித்துச் சொன்னேனே, காது எங்கே போச்சு என்றேன். கன்னியம்மாள் ஸ்பிரிட்டையும் துணியையும் எடுத்து வந்தார்.

"அது நிக்கிறதே பாதத்துலதான எழிலம்மா. பாதத்துக்கு வெக்காம முதுகுக்கு வெச்சா இன்னா பூஜ அது" என்று மட்டும் முணுமுணுத்தார். பிறகு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாக மூன்று பாதத்தைச் சுத்தம் செய்தார். ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலாவதுக்கு, வலது முன்னங்காலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஒண்ணாச்சும் இருக்கட்டுமே. மொத்தமா அழிச்சிட்டு அது கீழ அவுர நிக்க வெக்கிறதா? வெச்ச குங்குமத்த என் கையால அழிக்க மனசு வரல எழிலம்மா."

நான் உருளையை அவர் கையிலிருந்து வாங்கினேன். பாதத்தின் அருகே கொண்டுபோனேன். இரண்டு உருட்டு உருட்டியிருந்தால் வேலை முடிந்தது. அதில் என்ன இருக்கிறது? வெறும் பொடி. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு உருளையை மேசைமேல் வைத்தேன்.

"நீங்களே பார்த்துத் துடைச்சி வைங்க அக்கா. நான் வண்டியைப் பார்க்கிறேன்" என்றேன்.

திரும்பி வந்தபோது மெஷின் நிமிர்ந்து பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. "ஆச்சா?" என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஏறும் முன் நிரப்ப வேண்டிய தாளில் பாதம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றுக்கும் நேராக டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். கன்னியம்மாள் பட்டறையிலேயே தங்கிவிட்டார். வேம்புலி வண்டியில் ஏறும்போது அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து அனுப்பினார்.

கட்டடத்தின் அடியில் எங்களுக்கு முன்பே நாகேந்திரன் நின்றிருந்தார். காப்புக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிக்குக் கிளம்பிய உதயகுமாரைத் தடுத்தார்.

"கயிறு வேணாம். வீடியோவுல நூல் கட்டின பொம்மை மாதிரி தெரியும். நாப்பது தடவை ஏறியிருக்கு, ஒரு தடவையாவது அந்தக் கயிறு இறுகியிருக்கா?"

இறுகியதில்லை. அது உண்மை. கயிறில்லாமல் ஏற்றினால் வேம்புலியைத் தள்ளி நிறுத்த வேண்டும், தள்ளி நிறுத்தினால் கேபிள் இழுக்கும் என்று சண்டை போட்டேன். அரை மணி நேரச் சண்டை இரண்டு நிமிடத்தில் முடிந்தது, ஏனென்றால் ராகேஷின் கார் உள்ளே வந்துவிட்டது. வேம்புலி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சுவரடிக்குப் போனார்.

பத்தரைக்கு ஏற ஆரம்பித்தது. அழகாகத்தான் ஏறியது. ஒரு காலை எடுக்கும், மூன்று கால் பிடித்திருக்கும், எடுத்த காலை மேலே வைத்துக் கீழ்ப்பக்கம் லேசாக இழுத்துப் பிடி பார்க்கும், பிறகு அடுத்த கால். ராகேஷ் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தார். என் கையிலிருந்த திரையில் நாலு காலின் பிடியும் எண்ணாகத் தெரியும். மூன்று நூறு. வலது முன்னங்கால் மட்டும் எழுபத்தாறு.

துடைக்கவில்லை. அந்த எண்ணைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் மாடி உயரம்கூட ஏறவில்லை, அப்போதே நிறுத்தியிருக்கலாம். மூன்று கால் நூறில் இருக்கிறதே, போதும் என்று கணக்குப் போட்டேன். முதலாளி முன்னால், வந்தவர் முன்னால், காலில் குங்குமம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் நிஜம்.

ஐந்தாவது மாடி தாண்டும்போது வேம்புலி கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"மேடம், கண்ணாடில செவப்பா இன்னாவோ கீது பாருங்கோ."

நிமிர்ந்து பார்த்தேன். மெஷின் போன வழியெல்லாம் கண்ணாடியில் சிவப்புத் தடம். மாடிக்கு மாடி, அடிக்கு அடி, வரிசையாக. திரையைப் பார்த்தேன். முன்னங்கால் அறுபது. பின்னங்காலும் எழுபதுக்கு இறங்கியிருந்தது. முன்னங்கால் மிதித்த இடத்திலேயே அதே பக்கத்துப் பின்னங்கால் மிதிக்க வேண்டும், அப்படித்தான் நான் அதற்கு நடை சொல்லிக்கொடுத்திருந்தேன். முன்கால் விட்டுப்போன குங்குமத்தைப் பின்கால் ஒவ்வொரு அடியிலும் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தது.

இறக்கவும் முடியாது. இறங்கினால் அந்தத் தடத்தின் மேலேயேதான் இறங்க வேண்டும். மேலே சுத்தமான கண்ணாடி. ஏற்றி மாடியில் சேர்ப்பது ஒன்றுதான் வழி. உதயகுமாரின் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவன் கயிற்றோடு உள்ளே ஓடினான்.

ஒன்பதாவது மாடியில் ஏரிக்காற்று அடித்தது. மெஷின் வலது பக்கம் ஒரு விரல்கடை வழுக்கி, பிடித்து, நின்றது. முன்னங்கால் நாற்பத்தொன்று, பின்னங்கால் நாற்பத்தெட்டு. இனி ஒரு காலை எடுத்தாலும் ஆபத்து. அப்படியே நிறுத்தினேன். ஃபோன் அடித்தது.

"எழில், லிஃப்ட்டு ஓடல. படியிலதான் ஏறிக்கினு கீறேன். ஏழாவது மாடி" என்றான் உதயகுமார். மூச்சு வாங்கியது.

எண்கள் நின்ற இடத்திலேயே குறைந்துகொண்டிருந்தன. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.

"வேம்புலி அண்ணே, கேபிளை விட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடுங்க. உடனே வாங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேபிளை விடவில்லை.

"உட்டா காத்துல வெளிய இழுக்கும் மேடம். நீங்கதான சொன்னீங்க."

"பரவால்ல அண்ணே, விழுந்தா விழட்டும். அது மெஷின்."

"மேல ஒண்ணு தொங்கறப்போ கீழ கீறவன் கயித்த உட மாட்டான் மேடம். எனக்கும் பதினேழு வருசம் கீழ ஒருத்தன் அப்படித்தான் புட்சிக்கினு நின்னான். தம்பி மேல போய்க்கினுதான கீறான், ரெண்டே நிமிசம்."

"அண்ணே, சொல்றதைக் கேளுங்க, வாங்க."

நாகேந்திரன் என் பக்கம் வந்து, ராகேஷுக்குக் கேட்காதபடி, "ஏன் நிறுத்திட்ட? கத்தாத" என்றார். நான் வேம்புலியை நோக்கி இரண்டு அடி வைத்தேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் பயம், அவரை விட்டு எடுக்கவும் பயம். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். பத்தடி தூரம்.

வலது பக்க எண்கள் இரண்டும் ஒன்றாகப் பூஜ்யமாயின.

மேலே பிடி விட்டதும் கேபிள் தளர்ந்தது. தளர்ந்ததை வேம்புலி கை உணர்ந்துவிட்டது. அவர் ஓடவில்லை. தளர்ந்த கேபிளைச் சரசரவென்று கீழே இழுக்க ஆரம்பித்தார். மேலே இருப்பவன் தவறினால் கீழே இருப்பவன் கயிற்றை இறுக்கித் தாங்கிக்கொள்வான், அதுதான் அவர்கள் தொழிலில் முதல் பாடம். மேலே தாங்க எதுவும் கட்டியிருக்கவில்லை. இரண்டு முழம் இழுத்திருப்பார். தலைக்கவசம் ஒன்றுக்கும் உதவவில்லை.

உதயகுமார் அப்போதுதான் மொட்டைமாடிக் கதவைத் திறந்திருக்கிறான்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, எல்லாம் வந்தன. பட்டறைக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் போகவில்லை. உடைந்த மெஷினிலிருந்து வலது முன்பாதத்தைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சாட்சியைக் காப்பாற்றவா, ஒளிக்கவா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

நாலாம் நாள் நாகேந்திரன் ஒரு அறிக்கை தயார் செய்து கொண்டுவந்தார். கேபிளைப் பிடித்திருந்தவர் அதை வெளிப்பக்கமாக இழுத்ததால் பாதம் உரிந்து மெஷின் விழுந்தது என்று இருந்தது. என் கையெழுத்து வேண்டும். நான் குங்குமத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அதை எழுதினா என்ன ஆகும்னு யோசி. தன் கையாலதான் போச்சுன்னு அந்தம்மா காலம் பூரா அழணுமா? நீ டிக் போட்ட தாளும் வெளிய வரும். செத்தவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தாளை வாங்கி மடித்து, பாதம் இருந்த அதே பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் பாரிவாக்கம் போனேன். கையெழுத்துப் போட முக்கால்வாசி மனசு வந்துவிட்டிருந்தது. அந்த அம்மாவுக்காகத்தான் போடுகிறேன் என்று பஸ்ஸில் போகும்போதே எனக்குள் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

கன்னியம்மாள் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே உறவுக்காரர்கள் பேச்சுச் சத்தம். என்னைப் பார்த்ததும் அழவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நேத்து அந்தக் கட்டடத்தாண்ட போயிருந்தேன். அவுரு உழுந்த எடத்துல கல்பூரம் ஏத்தலாம்னு. அண்ணாந்து பாத்தேன். செவப்பு செவப்பா மேல வரைக்கும் போயிக்கீது" என்றார். "அது நான் வெச்சதுதான?"

பஸ்ஸில் பழகிய பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "ஆமாக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லாத குரல். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் குரல்.

"எனக்குப் புருசன் கீழ நிக்கிறானேன்னு பயம். அதான் தொடைக்கல. உனக்குத்தான் சாமியும் கெடையாது, புருசனும் கெடையாது. உருள உன் கையிலதான இருந்துச்சி. நீ ஏம்மா தொடைக்கல?"

எனக்குக் கண்ணீர் வந்தது, அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

"கம்பெனில இன்னா எழுதிக்கீறாங்க?" என்று கேட்டார்.

தாளை எடுத்துப் படித்துக் காட்டினேன். வெளிப்பக்கமாக இழுத்ததால் என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அவுரு அப்படிச் செய்ற ஆளா? கயித்துல அவுரு மேல ஒரு சொல்லு உண்டா இத்தினி வருசத்துல?" முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "வேற தாளு எடு. அவுரு கடைசி வரைக்கும் கயித்த உடலன்னு மொதல்ல எழுது. அப்பாலிக்கா நான் தொடைக்கலன்னு எழுது. அப்பாலிக்கா நீயும் பாத்துட்டு உட்டுட்டன்னு எழுது."

பைக்குள் வேறு தாள் இல்லை. நாகேந்திரனின் அறிக்கையையே திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில், அவர் சொன்ன அதே வரிசையில் மூன்றையும் எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன்.